ஒரே சட்டகம், இரு குடும்பங்கள்

மனிதன் ஆக்கிய கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் பெயர்களையும் ஆண்டுகளையும் குறித்துக்கொண்டு நின்றுவிடுகின்றனர். ஒரு கருவி யாருக்காகப் பிறந்தது, பின்னர் யார் கைக்குப் போயிற்று, அவ்வாறு கைமாறியபோது அதன் உருவில் என்ன நேர்ந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. ஏரைப் பற்றியும் தறியைப் பற்றியும் அச்சியந்திரத்தைப் பற்றியும் இவ்வினாக்களை எழுப்ப நம்மிற் சிலர் பழகியுள்ளோம். நாள்தோறும் நம்மைத் தூசியிலே நிறுத்திவிட்டுச் செல்லும் மோட்டார் வாகனத்தைப் பற்றி மட்டும் அவற்றை எழுப்புவதில்லை. வாகனம் என்றவுடன் விலையையும் வேகத்தையும் பேசுவதோடு நமது ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சாதாரணமானது. சுமை ஏற்றும் பிக்கப் வண்டியின் சட்டகத்தின் மேல், குடும்பத்தோடு செல்வதற்கேற்ற ஏழிருக்கை வாகனத்தை அமைக்கும் வழக்கம் தென்கிழக்காசியாவில் வேரூன்றியுள்ளது. எமது ஊர்களில் 'ஜீப்' என்னும் பொதுப்பெயரால் வழங்கும் இவ்வகையுள் இன்று பெரும்பெயர் பெற்றது டொயோட்டா நிறுவனத்தின் போர்ச்சூனர். அதன் அடியிலே கிடப்பது ஹைலக்ஸ் என்னும் பிக்கப். தந்தையும் மகனும் எனத்தக்க இவ்விரண்டின் கதையைச் சில ஆண்டுகளாகத் தேடிப் படித்து வருகின்றேன். வாத்தியாருக்கு மோட்டார்ப் பித்து என்று மாணவர் நகைப்பர். உண்மையில் என்னை இதன்பால் ஈர்த்தது விளம்பரங்களிற் காணப்படும் ஒரு சொல்லேயாம். 'குடும்ப வாகனம்' என்கின்றார்கள். எந்தக் குடும்பம் என்று கேட்கத் தோன்றியது.

முதலில் வண்டியின் உடலமைப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். பிக்கப்பின் அடியில், ஏணியொன்றைக் கிடையாகப் போட்டாற்போல, இரண்டு நீண்ட எஃகு விட்டங்களும் அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்களும் உண்டு. எஞ்சின், அச்சு, சில்லு யாவும் இவ்வேணியிலேயே பொருத்தப்படுகின்றன. சாரதி அமரும் கூண்டும் பின்னாலுள்ள திறந்த பெட்டியும் அதன்மேல் ஏற்றி முடுக்கப்பட்ட தனித்தனி உறுப்புகள். சிறிய கார்களில் உடலே சட்டகமாகவும் அமைந்துவிடுவதால் ஒன்றைக் கழற்றி வேறொன்றை வைத்தல் இயலாது. பிக்கப்பிலோ அது எளிது. அத்திவாரத்தை அப்படியே விட்டுவிட்டுச் சுவரையும் கூரையையும் மாற்றிக் கட்டுவது போன்றது அது. வசதியுள்ளவன் குடிபுக விரும்பும்போது நிலத்தைத் தோண்டவேண்டியதில்லை.

ஹைலக்ஸ் 1968ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யப்பானில் வெளிவந்தது. லொறி செய்வதிற் பெயர்பெற்ற ஹினோ நிறுவனத்தின் துணையோடு உருவாகி, அந்நிறுவனத்தின் ஹமுரா தொழிற்சாலையிலேயே உற்பத்தி செய்யப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் எஞ்சின். ஒரு தொன் சுமை. முன்னே ஓர் இருக்கை. 'உயர்ந்த', 'ஆடம்பரமான' எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி அதற்குப் பெயர் சூட்டினர். மரக்கறியும் மீனும் சீமெந்தும் ஏற்றப் பிறந்த வண்டிக்கு ஆடம்பரப் பெயர் இட்டதைக் கண்டு அன்று சிரித்திருக்கலாம். அப்பெயர் மெய்யாகும் காலமும் பின்னர் வந்தது. அதற்குள் ஏறியிருந்தவர் மாறிவிட்டனர்.

யப்பானிற் பிறந்த இவ்வண்டி தன் வாழ்வை நடத்தியது தாய்லாந்திலே எனலாம். நெல், கரும்பு, மரவள்ளி, இறப்பர் ஆகியவற்றைப் பயிரிடும் அந்நாட்டின் சிறுவிவசாயிக்கு எருமையும் கைவண்டியும் செய்த வேலையைப் பிக்கப் ஏற்றுக்கொண்டது. விடியலில் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும். பகலிற் செங்கல் சுமக்கும். மாலையில் உறவினரை ஏற்றிக்கொண்டு விகாரைக்குப் போகும். திறந்த பெட்டியின் இருபுறமும் நீண்ட வாங்குகளை வைத்து மேலே கூரை போட்டுவிட்டால் அதுவே பொதுப்போக்குவரத்தாகவும் ஆகிவிடும். இதனைச் 'சோங்தேவ்' என்பர். 'இருவரிசை' என்பது பொருள். ஆக, பிக்கப்பிலே குடும்பம் ஏறியது ஏழிருக்கை வாகனம் வந்த பிறகன்று. ஏழைக் குடும்பம் தொடக்கத்திலிருந்தே அதன் முதுகிற்றான் இருந்தது.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஆசிரியர் கருத்தரங்கொன்றுக்காக வடகிழக்குத் தாய்லாந்திலுள்ள கொன்கென் நகரிற் சில நாள்கள் தங்கியிருந்தேன். காலையும் மாலையும் சோங்தேவிற் சென்றுவந்தேன். எதிர் வாங்கில் சந்தைக்காரி ஒருத்தி கூடையை மடியில் வைத்திருப்பாள். பக்கத்திற் சீருடை அணிந்த தாதி. கம்பியைப் பற்றிக்கொண்டு பின்படியிற் கட்டடத் தொழிலாளர் இருவர். முழங்காலோடு முழங்கால் முட்ட இருக்கும் அந்தப் பயணத்தில் மொழி தெரியாத எனக்கும் இடம் ஒதுக்கித் தந்தார்கள். எமது கிராமங்களில் தேர்த்திருவிழாவுக்கு லொறியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் நிறைந்து சென்ற நாள்கள் நினைவுக்கு வந்தன. அந்நாள்களில் அந்நகரத்திற் பேச்சாயிருந்த ஒரு செய்தியைப் பின்னர்க் கூறுவேன். அதற்குமுன் சுமைவண்டி எவ்வாறு 'குடும்ப' வண்டியாயிற்று என்பதைக் கூறியாகவேண்டும்.

அக்கதை அமெரிக்காவிற் கோழியிறைச்சியிலிருந்து தொடங்குகின்றது. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழியிறைச்சிக்கு உயர்ந்த தீர்வை விதித்தன. அதற்கு எதிரடியாக அமெரிக்கா 1964இல் இறக்குமதியாகும் சிறு சுமைவண்டிகளுக்கு 25 வீதத் தீர்வை விதித்தது. அடி விழுந்தது மேற்கு யேர்மனியின் வொக்ஸ்வாகனுக்கு. வடு நிலைத்ததோ யப்பானிய பிக்கப்புகளின் மேல். கோழிச் சண்டை மறக்கப்பட்டது. தீர்வை மறக்கப்படவில்லை, அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் அது நீங்கவில்லை. நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. பின்பெட்டி இல்லாத வெறும் கூண்டும் சட்டகமுமாகக் கப்பலில் ஏற்றினாற் குறைந்த தீர்வையே கட்டவேண்டியிருந்தது. ஆகவே டொயோட்டா வண்டிகள் அவ்வாறே வந்து இறங்கின; கலிபோர்னியாவின் லோங் பீச்சில் அவற்றுக்குப் பெட்டி பூட்டப்பட்டது. 1980இல் அரசு அந்த ஓட்டையை அடைத்தது.

சட்டம் ஒரு வண்டியின் உருவத்தை எவ்வாறு செதுக்குகின்றது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அடுத்துவந்தது. 1981இல் வின்னபேகோ என்ற அமெரிக்க நிறுவனம் டொயோட்டாவின் கூண்டையும் சட்டகத்தையும் பெற்று, பின்புறத்தில் இருக்கையும் கண்ணாடியிழைக் கூரையும் பொருத்தி 'ட்ரெக்கர்' என்று விற்றது. வாங்குவோர் இருப்பதைக் கண்ட டொயோட்டா 1984இற் றானே அதனைச் செய்தது. யப்பானில் 'ஹைலக்ஸ் சேர்வ்', அமெரிக்காவில் '4ரன்னர்' என்ற பெயர்களில் வந்த அவ்வண்டி, பின்பெட்டிக்கு மேலே கழற்றக்கூடிய மூடியைக் கவிழ்த்த பிக்கப்பே. 1989இல் வந்த இரண்டாம் தலைமுறையில் கூரை எஃகாயிற்று. நான்கு கதவுகளும் வந்தன.

அந்த நான்கு கதவுகளின் கதை வேடிக்கையானது. அதே 1989இல் அமெரிக்கச் சுங்கம், இத்தகைய வாகனங்கள் சுமைவண்டிகளே, 25 வீதம் கட்டுக என்றது. எதிர்ப்புக் கிளம்பவே, நான்கு கதவுடையவை பயணிகள் கார், 2.5 வீதம் போதும் என்று திறைசேரி தீர்த்தது. ஆனால் எரிபொருட் சிக்கனத்துக்கென 1975இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் அதே நான்கு கதவு வாகனம் சுமைவண்டியாகவே கணிக்கப்பட்டுக் காருக்குரிய கடுமையான விதிகளிலிருந்து தப்பிற்று. துறைமுகத்தில் அது கார்; எண்ணெய் குடிக்கும்போது லொறி. விவசாயிக்கும் தச்சனுக்கும் இரங்கி அளிக்கப்பட்ட சலுகை, நகர்ப்புறத்தில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச்செல்லும் வசதியுள்ள வீட்டாரின் வாசலில் வந்து நின்றது.

இதே நாடகம் தாய்லாந்தில் வேறு வேடத்துடன் ஆடப்பட்டது. யப்பானிய நிறுவனங்கள் 1960களில் அங்கே பொருத்தும் ஆலைகளை நிறுவின. யப்பானியப் பொருள்கள் நாட்டை நிரப்புவதைக் கண்ட தாய்லாந்து மாணவர் 1972 நவம்பரிற் பகிஷ்கரிப்பு இயக்கம் நடத்தினர். 1973 ஒக்டோபரில் இராணுவ ஆட்சியை வீழ்த்திய எழுச்சிக்கு அவ்வியக்கமும் ஒரு பயிற்சிக்களமாயிற்று. 1974 ஜனவரியில் யப்பானியப் பிரதமர் தனாகா பாங்கொக்கில் இறங்கியபோதும் மாணவர் எதிர்த்து நின்றனர். சில நாள்களின் பின் ஜக்கார்த்தாவில் கலவரம் மூண்டு யப்பானிய மோட்டார்கள் எரிக்கப்பட்டன. உள்நாட்டிற் செய்க, உள்நாட்டுப் பாகங்களைப் பயன்படுத்துக என்ற அரசுகளின் பிற்கால நிபந்தனைகளுக்குப் பின்னணியில் இம்மாணவர் குரலும் உண்டு. தாய்லாந்து 1978இல் முழுதாய்ப் பொருத்திய கார்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. தொழில் வளர்ந்தது, கார் அன்று, பிக்கப்பே அதன் முதுகெலும்பாயிற்று.

அதற்குக் காரணம் வரி. 2000களின் நடுப்பகுதியில் அங்கு நிலவிய கலால் வரியைக் காண்க. சாதாரண பிக்கப்புக்கு 3 வீதம். இரட்டைக் கூண்டு பிக்கப்புக்கு 12 வீதம். பயணிகள் காருக்கு 30 தொடக்கம் 50 வீதம் வரை. விவசாயியின் கருவி மலிவாயிருத்தல் வேண்டும் என்பதே இதன் நியாயம்; அந்நியாயத்தை யாம் மறுப்பதற்கில்லை. ஆயின் இவ்விரு வரிகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் ஒரு புதிய உயிரினம் தோன்றிற்று. பிக்கப்பின் சட்டகத்திற் கட்டிய பயணிகள் வாகனம் என்று சட்டமே அதற்குத் தனிவகை வகுத்து 20 வீத வரி விதித்தது. கார் வாங்கும் வல்லமை உடையவன் அதனினும் பெரிய வாகனத்தைக் காரினும் குறைந்த வரியோடு பெறும் வழி திறந்தது.

முதலில் இதனைச் செய்தோர் உள்நாட்டுப் பணிமனையாளரே. தாய் ருங் போன்ற தாய்லாந்து நிறுவனங்கள் பிக்கப்பை வாங்கி, பின்பெட்டியை நீக்கி, இருக்கையும் கூரையும் வைத்து விற்றன. 1998இல் டொயோட்டாவின் பெயரிலேயே 'ஸ்போர்ட் ரைடர்' என்ற வாகனம் ஹைலக்ஸ் சட்டகத்தின்மேல் அவ்வாறு ஆக்கப்பட்டது. முன்புறம் பிக்கப், பின்புறம் ஒட்டுவேலை என்பது பார்த்தவுடன் தெரியும். இந்தோனேசியாவிலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. 1977இல் ஒடுங்கிய சிறு பிக்கப்பாகத் தொடங்கிய 'கிஜாங்' உள்ளூர்ப் பணிமனைகளின் கைவண்ணத்தாற் குடும்ப வண்டியாகி வளர்ந்தது. இக்கைவினைஞர் கண்ட வழியையே பெருநிறுவனம் பின்னர்த் தனதாக்கிக்கொண்டது.

1997 ஜூலையில் தாய்லாந்து நாணயம் சரிந்தது. தென்கிழக்காசியாவையே உலுக்கிய நெருக்கடி அங்கிருந்து தொடங்கிற்று. உள்நாட்டுச் சந்தை சுருங்கியது. ஆயின் மலிந்த நாணயமும் பழகிய தொழிலாளரும் ஏற்றுமதி செய்வோர்க்கு வரமாயின. 2004 ஓகஸ்டில் டொயோட்டா ஒரே அடித்தளத்தில் ஐந்து வாகனங்களைக் கொண்ட தனது புதிய திட்டத்தைத் தாய்லாந்தில் தொடங்கியது. மூன்று வகை பிக்கப். கிஜாங்கின் வழிவந்த இன்னோவா. அடுத்து வந்த போர்ச்சூனர். டீசல் எஞ்சின் தாய்லாந்தில், பெற்றோல் எஞ்சின் இந்தோனேசியாவில், கியர்ப்பெட்டி பிலிப்பைன்சிலும் இந்தியாவிலும். பொருத்துவது தாய்லாந்து, இந்தோனேசியா, ஆர்ஜென்டீனா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளில். விற்பது 140க்கு மேற்பட்ட நாடுகளில். 2012க்குள் 50 இலட்சம் வாகனங்கள் விற்பனையாயின. யப்பானில் அன்று இவற்றுக்கு இடமிருக்கவில்லை. ஹைலக்ஸ் 2004இல் தாய்நாட்டுச் சந்தையை விட்டு நீங்கி, 2017இற் றாய்லாந்தில் ஆக்கப்பட்ட பண்டமாக அங்கே திரும்பிச் சென்றது.

உற்பத்தி இவ்வாறு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டதைத் 'தெற்கின் தொழில் வளர்ச்சி' என்று புகழ்வோர் உளர். வளர்ச்சி உண்மையே, பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. ஆயின் எஞ்சினுக்கு எல்லை இல்லாதிருக்கத் தொழிலாளிக்கு எல்லை இருந்தது. பிலிப்பைன்சில் டொயோட்டாவின் பொருத்தும் ஆலையில் சங்க அங்கீகாரம் கோரி நடந்த போராட்டத்தை ஒட்டி 2001இல் 200க்கு மேற்பட்டோர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் வரை சென்ற வழக்கு அது. இன்னோவாவும் போர்ச்சூனரும் பொருத்தப்படும் கர்நாடகத்தின் பிடதி ஆலையில் 2020 நவம்பரில் வேலைப்பளு பற்றிய பிணக்கு முற்றிக் கதவடைப்பு அறிவிக்கப்பட்டது. ஒரு நாட்டின் தொழிலாளர் நிறுத்தினால் மறுநாட்டில் உற்பத்தி தொடரும் என்பது முதலாளிக்குத் தெரியும். பல நாடுகளின் தொழிலாளரும் ஒரே வண்டியின் உறுப்புகளைச் செய்தனர்; ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை.

இனி வண்டியைப் பார்ப்போம். ஹைலக்ஸின் பின்னச்சைத் தாங்குவது, தகடுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிக் கட்டிய வில். சுமை ஏறினால் அடங்கும். வெறுமையாய் ஓடினால் துள்ளும். போர்ச்சூனரில் அதனை அகற்றிவிட்டுச் சுருள்வில் வைத்தனர். ஆட்கள் இருந்தால் இடுப்பு நோகக்கூடாதன்றோ. சில்லிடை நீளத்தை மூன்று மீற்றருக்குச் சற்று மேலிருந்து 2,750 மில்லிமீற்றராகக் குறைத்தனர். மூன்று வரிசை இருக்கை, குளிர்பதனம், தோலுறை என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2015இல் இரண்டாம் தலைமுறை வந்தது. 2020இல் முகம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு திருத்தத்திலும் முகப்பு உயர்ந்தது, விளக்குகள் கூர்ந்தன, விலை ஏறிப் பத்து இலட்சம் பாட்டைத் தாண்டியது. ஒட்டுவேலை என்று கண்டுகொள்ளக்கூடிய தழும்புகள் மறைந்தன. ஆனால் அடியிலே கிடப்பது அதே ஏணிச்சட்டகம்; முன்னே உறுமுவது அதே குடும்பத்து டீசல் எஞ்சின். சுமை வண்டியின் வலிமையை விளம்பரம் மறைப்பதில்லை. அதனையே வீரமென்று விற்கின்றது. சுமந்தவனைப் பற்றி மட்டும் அங்கே பேச்சில்லை.

கொன்கெனிற் கேட்ட செய்திக்கு இப்போது வருகின்றேன். 2014 மே மாதத்திலிருந்து தாய்லாந்தை ஆண்ட இராணுவ அரசு, இடைக்கால அரசியலமைப்பின் 44ஆம் பிரிவு தனக்கு அளித்த வரம்பற்ற அதிகாரத்தைக் கொண்டு, 2017 மார்ச்சில் ஓர் ஆணை பிறப்பித்தது. வாகனத்திலுள்ள எல்லோரும் இருக்கைப்பட்டி அணிதல் வேண்டும் என்பது அதன் சாரம். அதன்படி, பிக்கப்பின் திறந்த பெட்டியிலும், முன்னிருக்கைக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய இடத்திலும் ஆட்கள் அமர்வது குற்றம் என ஏப்ரல் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. அது சொங்கிரான் புத்தாண்டுக் காலம். பாங்கொக்கின் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைக்கும் வடகிழக்கு மக்கள் ஆண்டுக்கொருமுறை வீடு திரும்பும் வேளை. பேருந்திலும் புகைவண்டியிலும் இடம் போதாது. ஊரவர் ஒருவரின் பிக்கப்பில், பாயும் மூட்டையும் பாட்டியும் குழந்தைகளுமாக இரவெல்லாம் பயணஞ்செய்வதே வழக்கம்.

நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. எங்கள் கருத்தரங்குக்கு வந்திருந்த உள்ளூர் ஆசிரியை ஒருவர் மிக அமைதியாகப் பேசுபவர். அன்று அவர் குரல் சற்று உயர்ந்திருந்தது. தமது தந்தை பிக்கப்பை வாங்கியபோது விற்பனையாளர் அதனைக் குடும்பத்துக்கு ஏற்ற வண்டி என்றே கூறினார் என்றும், எட்டு ஆண்டுகள் தவணை கட்டி முடித்தபின் அரசு வந்து, இதில் இருவருக்குத்தான் இடம், எஞ்சியோர் வேறு வண்டி பார்த்துக்கொள்க என்கின்றது என்றும் கூறினார். கட்டுப்படுத்த முடியாத அந்த அரசும் இம்முறை பின்வாங்கிற்று. புத்தாண்டு கழியும்வரை ஆணை தளர்த்தப்பட்டது. கட்சிக் கூட்டங்களைத் தடைசெய்ய முடிந்தவர்களால் ஒரு பிக்கப்பின் முதுகிலிருந்து பாட்டியை இறக்க முடியவில்லை.

எனினும் உணர்ச்சிவயப்பட்டு அரசின் வாதத்தை ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. திறந்த பெட்டியில் மனிதர் செல்வது ஆபத்தானது. வண்டி கவிழ்ந்தால் வீசியெறியப்படுவர். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தாய்லாந்தில் இலட்சம் பேருக்கு 32.7 பேர் வீதி விபத்தில் இறந்தனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் மோட்டார் சைக்கிள் போன்ற இரு, முச்சில்லு வண்டிகளிற் சென்றோர். அதாவது இறப்போர் பெரும்பாலும் ஏழைகள். ஆகவே அவர்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று கூறும் மருத்துவரோடு எனக்குப் பிணக்கில்லை.

என் கேள்வி வேறு. காப்பு எங்கே வைக்கப்பட்டது? அதே சட்டகத்தின்மேல் காற்றுப்பைகளும் ஏழு இருக்கைப்பட்டிகளும் கொண்ட கூண்டை அமைக்கும் அறிவு தொழிற்சாலைக்கு உண்டு. அக்கூண்டுக்குக் காரினும் குறைந்த வரி என்ற சலுகையை அரசு பல ஆண்டுகள் அளித்தது. அந்தச் சலுகையைப் பெற்றோர் பத்து இலட்சத்துக்கு மேல் கொடுக்க வல்லவர். பெட்டியில் இருந்தவர்க்குக் கிடைத்ததோ தண்டப்பத்திரம். உயிர்க்காப்பு ஒரு விற்பனைப் பண்டமாகி, அதனை வாங்க இயலாதவன் சட்டத்தை மீறுபவனாகிவிட்டான். 2016இல் வரி திருத்தப்பட்டு, கரியமிலவாயுவின் அளவுக்கேற்ப இவ்வகை வாகனங்களுக்கு 25 அல்லது 30 வீதம் என்றாயிற்று. அதனாற் பள்ளம் ஓரளவு நிரம்பியது. ஆயின் வடகிழக்கிலிருந்து வரும் தொழிலாளிக்கு விழாக்காலத்தில் ஒரு பேருந்து அதிகமாக ஓடியதா என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

இது பிறநாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. போர்ச்சூனரின் உடன்பிறப்பாகிய ஹைலக்ஸ் இரட்டைக் கூண்டு வண்டியை, 'டபுள் கப்' என்று, இலங்கையில் அறியாதார் இல்லை. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை எங்கள் கிழக்குக் கரையை அழித்தபின், நான் கற்பித்த பாடசாலை மாதக்கணக்கில் அகதிமுகாமாய் இருந்தது. அந்நாள்களில் வெள்ளை நிற டபுள் கப்புகள் வாசலில் வரிசையாக நின்றன. அவற்றில் வந்தோர் பலர் நல்லவர்; அரிசியும் மருந்தும் கொண்டுவந்தனர். ஆனாற் பின்பெட்டி பெரும்பாலும் வெறுமையாகவும் கண்ணாடி மூடியும் இருக்கும். அதே வேளையில் முகாம் மக்கள் உழவு இயந்திரப் பெட்டியிற் பிரேதங்களையும் பானைகளையும் ஏற்றிச் சென்றார்கள். சுமை வண்டி சுமையை மறந்து பதவியின் அடையாளமாவதை நான் கண்ணாற் கண்டது அங்கேதான். அமைச்சரும் உறுப்பினரும் உயர்ந்த ஜீப்பில் வருவதே ஆட்சி என்று எங்கள் பிள்ளைகள் பல்லாண்டுகளாகப் படித்துவிட்டார்கள். பாடநூலில் இல்லாத பாடம் அது.

தாய்லாந்தில் இக்கதையின் அண்மை அத்தியாயம் கவனிக்கத்தக்கது. 2023 நவம்பரில் டொயோட்டா 'ஹைலக்ஸ் சாம்ப்' என்ற வண்டியை 4 இலட்சத்து 59 ஆயிரம் பாட் தொடக்க விலையில் வெளியிட்டது. சிறிய கூண்டு, பின்னே மட்டமான தட்டு. வாங்குபவன் தன் தொழிலுக்கேற்பக் கடையாகவோ பெட்டியாகவோ கட்டிக்கொள்ளலாம். ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆடம்பரத்தை நோக்கி ஏறியபின், கீழே நின்ற விவசாயியும் சிறு வியாபாரியும் நிறுவனத்தின் நினைவுக்கு வந்தனர். ஆயின் அதற்குள் அவர்கள் கடனில் மூழ்கியிருந்தனர். அந்நாட்டின் குடும்பக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 90 வீதத்தை எட்டியிருந்தது. பிக்கப் வாங்க விண்ணப்பித்தோரைக் கடன் நிறுவனங்கள் திருப்பி அனுப்பின. 2012இல் 14 இலட்சத்தைத் தாண்டிய புதிய வாகன விற்பனை 2024இல் 6 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது; மிகக் கடுமையாக வீழ்ந்தது பிக்கப்பே. கருவி மலிந்தபோதும் உழைப்பவன் கைக்கு அது எட்டவில்லை.

மோட்டார் வாகனத்தை வெறுக்கச் சொல்லி நான் இதனை எழுதவில்லை. நல்ல பிக்கப் ஒன்று மனித அறிவின் அழகிய ஆக்கம். சேற்றிலும் கல்லிலும் அது செய்யும் வேலையைக் கண்டவன் அதனை மதிப்பான். மழை நனையாமற் பிள்ளைகளைக் கொண்டுசெல்ல விரும்பும் தாய் தந்தையர் மீதும் எனக்குக் குறையில்லை. அவ்விருப்பம் பெட்டியில் இருப்பவனுக்கும் உண்டு. ஒரு வண்டியின் உருவம் பொறியியலாளனின் மேசையில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதையே காட்ட முயன்றேன். கோழிக்கு விதித்த தீர்வையும், விவசாயியின் பெயரால் எழுதிய வரிச்சலுகையும், சரிந்த நாணயமும், சங்கம் அமைக்க முடியாத தொழிலாளியின் கூலியும் அதனை வளைத்துள்ளன. யார் பெயரால் ஒரு சலுகை எழுதப்படுகின்றதோ அவரிடமே அது சென்று சேர்கின்றதா என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் மக்களுக்கு இருந்திருப்பின் வண்டியும் வேறுவிதமாக வளைந்திருக்கும்.

இக்கணக்கை வகுப்பறையிலே தொடங்கலாம். பொருளாதார ஆசிரியர் தமது மாணவர்க்கு வரிப்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதனாற் பயன்பெறும் குடும்பத்தின் வருமானத்தை எழுதச் சொல்லட்டும். புவியியல் ஆசிரியர் ஊருக்கு வரும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்றும், அது வராத நாளில் மக்கள் எதில் ஏறுகின்றனர் என்றும் கேட்டுவரச் செய்யட்டும். விடைகள் எளிதில் வரும். எல்லாம் தெருவிலேயே கிடக்கின்றன. இனி ஒருமுறை 'குடும்ப வாகனம்' என்ற விளம்பரத்தைக் காணும் மாணவன், அந்த ஏழு இருக்கைகளை எண்ணிவிட்டு, அதே சட்டகத்தின் பின்பெட்டியில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்றும் எண்ணிப் பார்ப்பானாயின், இரு குடும்பங்களும் ஒரே பேருந்தில் அச்சமின்றிப் பயணஞ்செய்யும் வழியைத் தேடத் தொடங்கிவிடுவான்.